மூட்டுப் பழுது

இசக்கியம்மாள் "ரைட்" என்று சொன்னாள். பஸ் புறப்பட்டது. கூடவே அவளுடைய வலது காலும் புறப்பட்டது.

பஸ் புறப்பட்டதில் தப்பில்லை. திருநெல்வேலியிலிருந்து பாபநாசம் போகிற அந்தப் பஸ்ஸுக்கு ஒன்பது வருஷமாக ஓட்டுநர் கிடையாது. ஸ்டீயரிங் இருந்த இடத்தில் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. அது கண்டக்டரின் குரலுக்குக் கட்டுப்பட்டது. "ரைட்" என்றால் போகும், "ஹோல்டான்" என்றால் நிற்கும். ஓட்டுநரை எடுத்தவர்கள் கண்டக்டரை ஏன் விட்டுவைத்தார்கள் என்று கேட்கலாம். பத்தமடைக்கும் சேரன்மகாதேவிக்கும் நடுவில், ஸ்டாப்பே இல்லாத இடத்தில், கைக்குழந்தையோடு நின்று கையைக் காட்டுகிறவளை ஏற்றுவதா வேண்டாமா என்று முடிவு செய்ய அந்தப் பெட்டிக்குத் தெரியவில்லை. அந்த ஒரு காரணத்தால் தமிழ்நாட்டில் கண்டக்டர்கள் பிழைத்தார்கள்.

கால் புறப்பட்டதுதான் வினை. இசக்கியம்மாளுக்கு வலது இடுப்பு மூட்டை எடுத்துவிட்டுப் புது மூட்டு வைத்துப் பத்து வாரம் ஆகியிருந்தது. அதற்கப்புறம் அன்றுதான் முதல் டூட்டி. இந்தக் காலத்து மூட்டு வெறும் உலோகம் இல்லை. உள்ளே சுண்டைக்காய் அளவு மோட்டார், அதற்கு ஒரு காது. போட்டுக்கொண்டவர் சொல்கிற பத்து வார்த்தைகள் அதற்குப் புரியும். "ரைட்" என்றால் வலது காலை எடுத்து வை என்று அர்த்தம். அதுவும் சொன்ன பேச்சைத் தட்டாமல் ஒரு முழு எட்டு எடுத்து வைத்தது. இசக்கியம்மாள் டிக்கெட் மெஷினும் கையுமாக, மூன்றாவது சீட்டில் உட்கார்ந்திருந்த ஒரு சப்-இன்ஸ்பெக்டரின் மடியில் போய் உட்கார்ந்தாள்.

பதறினால் இருபத்துநாலு வருஷப் பழக்கம் சும்மா இருக்குமா? "ஹோல்டான்!" என்று கத்தினாள். பஸ் நின்றது. மூட்டின் பத்து வார்த்தைகளில் 'ஹோல்ட்' என்பதும் உண்டு, அதுவும் நின்றது. மடக்கின வாக்கில் பூட்டிக்கொண்டு, எழுந்திருக்கவே விடவில்லை. சப்-இன்ஸ்பெக்டர் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு, "எல்லாரும் பாத்துக்கிடுங்க, நான் ஒண்ணுமே பண்ணல" என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது. பூட்டைத் திறக்கிற வார்த்தை அவளுக்கு ஞாபகம் வந்து சேர ஒரு நிமிஷம் ஆனது. அந்த ஒரு நிமிஷத்தை அவள் ஆயுசுக்கும் மறக்கப்போவதில்லை.

மறுநாள் டிப்போவில் கூப்பிட்டுச் சொன்னார்கள். நாலு மாதம் அவகாசம். அதற்குள் மருத்துவக் குழுவுக்கு முன்னால் ஒரு முழு டிரிப் ஓடிக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் ரிட்டையர் ஆகிறவரை தொலைந்த பொருள் பிரிவில் மேஜை வேலை. சம்பளம் குறையாது. உட்கார்ந்த இடத்தில், பயணிகள் மறந்துவிட்டுப் போன குடைகளுக்கும் டிபன் கேரியர்களுக்கும் சீட்டுக் கட்டிக்கொண்டிருக்கலாம். அவளுக்கு வயது ஐம்பது கூட ஆகவில்லை. நெரிசலில் கம்பியைத் தொடாமல், இரண்டு கையையும் வேலைக்கு விட்டுவிட்டு, இடுப்பை மட்டும் சீட்டில் சாய்த்துக்கொண்டு மலையடிவாரத்து வளைவில் நிற்கிறவள். அந்த நிற்றல்தான் அவளுடைய மரியாதை. அது போனால் இசக்கியம்மாள் என்ற பேரில் வேறு யாரோதான் மிஞ்சுவாள் என்று அவளுக்குத் தோன்றியது.

நேராகப் பெரியாஸ்பத்திரிக்குப் போனாள். பயிற்சிக் கூடத்தில் பியூலா இருந்தாள். ஆபரேஷன் ஆனவர்களை நடக்கவைக்கிற பிசியோதெரபிஸ்ட். முப்பது வயது, பாளையங்கோட்டைக்காரி.

"பியூலா, வார்த்தைய மாத்திக் குடு. 'வலது'ன்னு வச்சிரு. சோலி முடிஞ்சுது."

"நான் மாத்த முடியாதுக்கா. பத்து வார்த்தையும் கம்பெனில பூட்டித்தான் அனுப்புதாங்க. ஒண்ணை மாத்தணும்னாலும் முதல்ல இருந்து சோதனை பண்ணி அனுமதி வாங்கணும். மூணு வருஷம் ஆகும்."

"அப்ப பஸ்ல மாத்தச் சொல்லுதேன்."

"எத்தனாயிரம் பஸ்லக்கா மாத்துவாங்க, உங்க ஒருத்திக்காக?"

"அது காதையாவது அடைச்சு விடேன்."

"உதவி செய்யுத வரைக்கும் காது திறந்துதான் இருக்கும். உதவிய நிறுத்தினாத்தான் காதும் அடையும்."

"நிறுத்து" என்றாள் இசக்கியம்மாள், பஸ்ஸை நிறுத்தச் சொல்வதைப் போல.

பியூலா சிரித்தாள். பிறகு, அக்கா சிரிக்கவில்லை என்று பார்த்து, ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"மூட்டுக்கு நாலு அளவுதான்க்கா இருக்கு. முழு, முக்கால், அரை, கால். முழுசுல வச்சா நடக்குற வேலை பூரா அது பாத்துக்கிடும். கால்ல வச்சா முக்கால்வாசிய நீங்க பாக்கணும். அதுக்கும் கீழ சைபர்னு ஒண்ணு உண்டு. ஸ்கேன் எடுக்கும்போது மட்டும் நாங்க போடுவோம். அப்ப அது வெறும் உலோகம். சதை எல்லாம் உங்க சதையா வேலை செய்யணும்."

"முன்ன எல்லாரும் அப்படித்தான நடந்தாங்க?"

"முன்ன எல்லாரும் அப்படித்தான் நடந்தாங்க. மாசக்கணக்கா பயிற்சி செஞ்சு, அழுது, எங்களத் திட்டிக்கிட்டே."

"இப்ப?"

பியூலா வாசல் பக்கம் பார்த்தாள். வேலாயுதம் சார் வந்துகொண்டிருந்தார். ஓய்வுபெற்ற தாசில்தார். இரண்டு பக்கமும் மூட்டு மாற்றி நாலு வருஷம். பரிசோதனைக்கு வந்திருந்தார். அவர் நடையில் ஒரு குறை சொல்ல முடியாது. அளந்து வைத்தாற்போல ஒவ்வொரு எட்டும். அவருக்குப் பின்னால் வந்த அம்மாவுக்கும் அதே நடை. அதற்குப் பின்னால் வந்தவருக்கும் அதே நடை. மூன்று பேரும் ஒரே ஆள் மூன்று சட்டை போட்டுக்கொண்டு வருவதுபோல இருந்தார்கள்.

"சார், முழுசுல இருந்து முக்காலுக்கு இறக்கிப் பாப்போமா?" என்று பியூலா கேட்டாள்.

"வேண்டாம்மா" என்றார் அவர் அவசரமாக. "நல்லாத்தான நடக்குது."

பரிசோதனைக்காக வேட்டியை முழங்காலுக்கு மேல் ஒதுக்கினார். தொடை இருக்க வேண்டிய இடத்தில் எலும்பின்மேல் தோல்தான் இருந்தது. இசக்கியம்மாள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் காது அந்தச் சொல்லிலேயே நின்றுவிட்டது. 'நடக்கேன்' என்று அவர் சொல்லவில்லை. 'நடக்குது' என்றார். வாடகைக்கு எடுத்த காரைப் பற்றிச் சொல்வதுபோல. யோசித்துப் பார்த்தால், பத்து வாரமாக வீட்டில் யார் விசாரித்தாலும் அவளும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். நடக்குது, பரவாயில்ல, நடக்குது.

சார் போனபிறகு பியூலாவிடம் கேட்டாள்: "சைபர்ல நடந்து போனவங்க எத்தனை பேரு?"

"நான் வந்து அஞ்சு வருஷம். ஒருத்தரும் இல்லக்கா." பியூலா மூட்டுகளின் அளவை மாற்றுகிற கணினித் திரையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "நாலரை வருஷம் படிச்சேன். எந்தச் சதை எங்க தொடங்கி எங்க முடியுதுன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். வேலைக்கு வந்தா பட்டன் அமுக்கச் சொல்லுதாங்க. வலிக்காம நடக்கலாம்னா யாரு கஷ்டப்படுவா? அவங்களச் சொல்லியும் குத்தமில்ல."

"எனக்கு வலிச்சாப் பரவாயில்ல. நீ படிச்சத எடு."

பியூலா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பெண் முகத்தில் இத்தனை நாள் இல்லாத ஒரு வெளிச்சம் வந்தது. "மேல ஏறிப் படுங்க" என்றாள்.

படுப்பது சுலபம். அதற்கப்புறம் வந்ததுதான் பாடு. இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்து, வலது காலை நீட்டினபடி மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும். மூட்டைக் கால் அளவுக்கு இறக்கியிருந்தாள் பியூலா. கால் ஒரு சாண் எழும்பியதும் இடுப்பில் தீ வைத்ததுபோல இருந்தது.

"முப்பது எண்ணுங்க. அது வரைக்கும் இறக்கக் கூடாது."

"ஒண்ணு, ரெண்டு, மூ..." கால் தொப்பென்று விழுந்தது. எண்ணிக்கை அவளுக்கு ஒட்டவில்லை. எண்களை டிக்கெட் மெஷின் பார்த்துக்கொள்ளும், வாழ்க்கையில் அவள் சத்தம்போட்டுச் சொல்லிப் பழகினதெல்லாம் ஊர்ப் பேர்கள். மறுபடி தூக்கினாள். கண்ணை மூடிக்கொண்டு, ஸ்டாப்பில் நின்று கூவுகிற அதே நிதானத்தில் சொன்னாள்: "மேலப்பாளையம்... முன்னீர்பள்ளம்..." முன்னீர்பள்ளத்தில் கால் இறங்கிவிட்டது.

"பாபநாசம் வரைக்கும் போயிட்டா முப்பது ஆயிருமாக்கா?" என்று கேட்டாள் பியூலா.

"நான் சொல்லுத வேகத்துக்கு நாப்பது ஆகும்."

"அப்ப பாபநாசந்தான்."

அன்றிலிருந்து எண்களே போய்விட்டன. காலையில் நாற்பது நிமிஷம், மாலையில் நாற்பது நிமிஷம். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குவது, கட்டிலைப் பிடித்து நின்று காலைப் பக்கவாட்டில் விரிப்பது, படி ஒன்றில் ஏறி இறங்குவது. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். தரையில் உட்காரக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது, கீழே விழுந்ததைக் குனிந்து எடுக்கக் கூடாது. இந்தக் கடைசி விதிதான் அவளை வாட்டியது. தரையில் எது விழுந்தாலும் பாய்ந்து எடுக்கிற கை அது. வீட்டில் பயிற்சி செய்யும்போது, வீட்டுக்காரர் செல்லத்துரைக்கு ஸ்டாப் சொல்கிற வேலை. ஒருநாள் அவர் சேரன்மகாதேவியை விட்டுவிட்டு வீரவநல்லூருக்குத் தாண்டிவிட்டார். "அங்க ஏற வேண்டியவங்க என்ன பாவம் பண்ணினாங்க?" என்று, தூக்கின காலை இறக்காமலே அவள் சண்டை போட்டாள்.

முதல் மாதம் பத்தமடையைத் தாண்டவில்லை. இரண்டாம் மாதம் சேரன்மகாதேவி வந்தது. அங்கேயே மூன்று வாரம் பஸ் நின்றுபோனது.

நிற்கும் பயிற்சிதான் இன்னும் மோசம். கண்ணாடிக்கு முன்னால் வலது காலில் மட்டும் நிற்க வேண்டும். அப்போது இடது பக்க இடுப்பு தொங்கக் கூடாது. தொங்கியது. தினமும் தொங்கியது. ஒருநாள் பியூலா மூட்டைச் சைபரில் வைத்துப் பார்த்தாள். பழகின ஏதோ ஒன்று கழன்றுபோனதுபோல இருந்தது இசக்கியம்மாளுக்கு. இடது காலைத் தூக்கினாள், இடுப்பு சரிந்து, பக்கத்தில் இருந்த கம்பியில் தொங்கிக்கொண்டு நின்றாள். கண்ணாடியில் தெரிந்த பொம்பளையைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"போதும் பிள்ள" என்றாள். "எல்லாரும் புத்தியில்லாமலா முழுசுல வச்சிருக்காங்க? குடைக்கே சீட்டுக் கட்டிட்டுப் போறேன்."

பியூலா கிட்டே வந்தாள். தன் உள்ளங்கையை அவள் இடுப்பின் பக்கவாட்டில், எலும்புக்குச் சற்றுப் பின்னால் அழுத்தி வைத்தாள். "இப்ப ஒருதடவை நில்லுங்க. நான் தாங்கல, தொட்டுக்கிட்டு மட்டும் இருக்கேன்."

நின்றாள். சரிந்தது.

"தெரிஞ்சுதா? சரியுததுக்கு முன்னாடி ஒண்ணு துடிச்சுது என் கையில. போன மாசம் அது துடிக்கவே இல்லக்கா. அது மோட்டாரு இல்ல. மோட்டார நான் அணைச்சுட்டேன்." பியூலாவின் குரல் கொஞ்சம் உடைந்தது. "படிச்சு முடிச்ச பிறகு முதல்தடவையா ஒரு சதை என் கைக்குள்ள முழிச்சுப் பாக்கேன். நீங்க போனா நானும் பட்டனுக்குத்தான் போகணும்."

இசக்கியம்மாள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "சரி, அழுது வைக்காத. தலையணைய எடு" என்றாள்.

நாலாம் மாதத்தில் ஒருநாள், யாரும் எதிர்பார்க்காத ஒரு செவ்வாய்க்கிழமை, மூட்டு சைபரில் இருக்கும்போது, கால் அம்பாசமுத்திரம் தாண்டி, விக்கிரமசிங்கபுரம் தாண்டி, பாபநாசத்தில் போய் இறங்கியது. கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி பியூலா கைதட்டினாள். இசக்கியம்மாள் எழுந்து அறையின் அந்தக் கோடிக்கு நடந்து திரும்பி வந்தாள். அவள் நடை அளந்து வைத்ததாக இல்லை. வலது பாதம் கொஞ்சம் வெளியே திரும்பியிருந்தது, எட்டு வேகமாக இருந்தது, கல்யாணத்துக்கு முந்தின அவள் நடையே அது.

"நடக்கேன்" என்றாள். நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. ஆபரேஷனுக்குப் பிறகு முதல்முறையாக அந்தச் சொல் அவள் வாயில் வந்தது.

பரிசோதனை நாள் வந்தது. மருத்துவக் குழு என்று பெரிய பெயர். வந்தது டாக்டர் மைதீன் என்ற ஒரே ஒருவர்தான், கையில் ஒரு திரையோடு. தலை நரைத்த, அதிகம் பேசாத மனிதர். டிப்போ மேனேஜர் பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். டாக்டர் நின்றுகொண்டே வந்தார்.

இசக்கியம்மாள் கடைசிப் படியில் ஏறி, உள்ளே ஒரு பார்வை பார்த்து, "ரைட்" என்றாள். பஸ் மட்டும் புறப்பட்டது.

மேலப்பாளையத்திலேயே நெரிசல் வந்துவிட்டது. அவள் கூட்டத்துக்குள் புகுந்து டிக்கெட் கொடுத்தாள், சண்டையைத் தீர்த்தாள், ஒரு தூக்குவாளியை இடம் மாற்றினாள், பத்தமடை தாண்டி ஸ்டாப்பில்லாத இடத்தில் பிரசவத்துக்குப் போகிற ஒருத்தியை ஏற்றினாள். கம்பியைத் தொடவில்லை. வீரவநல்லூருக்கு முன்னால் ரோட்டின் குறுக்கே ஆடுகள் பாய்ந்தன. பெட்டி தானாகவே பிரேக் போட்டது. பஸ்ஸில் நின்ற அத்தனை பேரும் முன்னால் சாய்ந்தார்கள். டாக்டர் மைதீன் திரையை மார்போடு அணைத்துக்கொண்டு பறந்து வந்தார். இசக்கியம்மாள் வலது காலை ஊன்றி, இடது கையால் அவர் தோளைப் பிடித்து நிறுத்தினாள். வலது கையில் இருந்த மெஷினிலிருந்து பாதி வெளியே வந்திருந்த டிக்கெட் கிழியக்கூட இல்லை.

"பாத்து நில்லுங்க சார்" என்றாள். "கம்பியப் பிடிச்சுக்கிடுங்க."

பாபநாசத்தில் எல்லாரும் இறங்கியபிறகு டாக்டர் சீட்டில் உட்கார்ந்து திரையை விரித்தார். வெகுநேரம் விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். முகம் சுருங்கியது.

"ஒரு சிக்கல் இருக்கும்மா" என்றார். "இந்தப் படிவத்துல முழு, முக்கால், அரை, கால்னு நாலு கட்டந்தான் இருக்கு. ஒண்ணுல குறி போட்டாத்தான் 'தகுதி'ன்னு அடுத்த பக்கம் போகும். உங்க மூட்டு காலையில இருந்து ஒரு எட்டுக்குக்கூட உதவி பண்ணல. சைபர். சைபர்னா பழுதுன்னு இது தானா எழுதிக்கிடுது."

"பழுது இல்ல சார். அணைச்சு வச்சிருக்கு."

"எனக்குத் தெரியும். நான் பார்த்தேன், விழப்போன என்னையே நீங்க பிடிச்சு நிறுத்தினீங்க. இதுக்குத் தெரியாதே. ஒருத்தர் சைபர்ல வந்து நிப்பாருன்னு யாரும் நினைச்சே பாக்கல. கட்டமே வைக்கல." பின் சீட்டிலிருந்து மேனேஜர் எட்டிப் பார்த்தார். டாக்டர் தயங்கினார். "கால் அளவுக்கு ஏத்திட்டு, இன்னொரு டிரிப் ஓடினா சுலபமா முடிஞ்சிரும்."

"கால்ல வச்சா அதுக்குக் காது திறந்துருமே சார். ரைட்டுன்னு சொன்னா மறுபடி யார் மடியிலயாவது உக்காரணும்." அவள் டிக்கெட் மெஷினை இடுப்பில் மாட்டிக்கொண்டாள். "பழுதுன்னா பழுதுன்னே எழுதுங்க. எழுதிட்டு, அந்தப் பழுத வச்சுக்கிட்டு இந்தப் பொம்பள நின்னாளா விழுந்தாளான்னு கீழ எழுதுங்க. அது போதும் எனக்கு."

டாக்டர் மைதீன் அவளைப் பார்த்தார். அப்புறம் குறிப்பு என்று போட்டிருந்த கடைசிக் கட்டத்தைத் திறந்தார். ஒவ்வொரு எழுத்தாக விரலால் எழுதினார். எழுதினதைத் திருப்பி அவளிடம் காட்டினார்.

*மூட்டு: பழுது. ஆள்: தகுதி.*

கீழே கையெழுத்துப் போட்டார். திரும்புகிற டிரிப்பில் டாக்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

மறுவாரமே அவள் ரூட்டுக்குப் போய்விட்டாள். நாளொன்றுக்கு மூன்று டிரிப். காலையிலும் மாலையிலும் பயிற்சியை விடவில்லை. பியூலாவோடு பேசுவதுதான் குறைந்துபோனது. எப்போது கூப்பிட்டாலும், "அக்கா, ரொம்பப் பேரு இருக்காங்க, அப்புறம் பேசுதேன்" என்று வைத்துவிடுவாள். சரி, பட்டனுக்கு அவ்வளவு கூட்டம் போல என்று இசக்கியம்மாள் நினைத்துக்கொண்டாள்.

ஒரு வருஷம் கழித்து டிப்போ முகவரிக்கு ஒரு கடிதம் வந்தது. மூட்டுக் கம்பெனியின் தலைமை அலுவலகத்திலிருந்து, வழவழப்பான தாளில். பாபநாசம் பஸ் நிலையத்தில் டீயைக் குடித்துக்கொண்டே பிரித்தாள்.

*மதிப்பிற்குரிய வாடிக்கையாளருக்கு, தங்கள் இடுப்பு மூட்டில் உதவிச் செயல்பாடு முற்றிலும் நின்றுபோயிருப்பதாக மருத்துவச் சான்று மூலம் அறிந்து வருந்துகிறோம். தாங்கள் விரும்பினால் மூட்டை இலவசமாக மாற்றித் தரக் காத்திருக்கிறோம். இப்பழுது முதன்முதலில் தங்களிடமே பதிவானது. அதன்பின் தங்கள் மாவட்டத்திலும் அண்டை மாவட்டங்களிலுமாக இதுவரை இருநூற்றுப் பதினேழு பேரிடம் இதே பழுது பரவியுள்ளது. ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவருக்கு இரண்டு மூட்டுகளிலும் பரவியுள்ளது. பாதிக்கப்பட்டவர்களில் ஒருவர்கூடப் புகார் அளிக்கவில்லை என்பதும், மாற்று மூட்டை அனைவருமே மறுத்துவிட்டனர் என்பதும் எங்கள் பொறியாளர்களுக்கு விளங்கவில்லை.*

இசக்கியம்மாள் டீயை வைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தாள். இருநூற்றுப் பதினேழு. பியூலா ஏன் பேசவே நேரமில்லை என்கிறாள் என்று இப்போது புரிந்தது. கண் கலங்கிவிட்டது. அவளுக்கே அவளை நினைத்துப் பெருமையாக இருந்தது. அந்தப் பாளையங்கோட்டைக்காரியை நினைத்து அதைவிடப் பெருமையாக இருந்தது.

கடிதத்தின் கீழே கிழித்து அனுப்பவேண்டிய பகுதி ஒன்று இருந்தது. ஒரே ஒரு கேள்வி. *இப்பழுது எவ்வாறு ஏற்பட்டது எனத் தாங்கள் கருதுகிறீர்கள்?* பதிலுக்கு நாலு வரி இடம் விட்டிருந்தார்கள்.

டீக்கடைக்காரரிடம் பேனா வாங்கி, பஸ்ஸின் பக்கவாட்டில் தாளை வைத்து, நின்றுகொண்டே எழுதினாள்.

*காலையில் நாற்பது நிமிஷம். மாலையில் நாற்பது நிமிஷம்.*